பாளையம்பட்டியில் நீச்சல் குளம்

பாளையம்பட்டியில் ஒரு வீட்டை விற்க வேண்டுமென்றால் முன்பெல்லாம் பெரிய வேலை ஒன்றுமில்லை. டீக்கடையில் உட்கார்ந்து, "யார்கிட்டயும் சொல்லிடாதீக" என்ற நிபந்தனையோடு யாராவது ஒருவரிடம் சொன்னால் போதும். பொழுது சாய்வதற்குள் பந்தல்குடி வரை தெரிந்துவிடும். பாத்திரக்கடையை மூடிவிட்டு வீட்டோடு இருந்த சண்முகவேலுக்கும் இந்த வழி தெரியாததல்ல. ஆனால் அவருடைய மகள் சுவாதி சென்னையில் இருந்தாள். ஊரில் இருக்கிற அப்பாவுக்கு ஒரு காரியமும் சரியாகச் செய்ய வராது என்பது சென்னைக்குப் போன பிள்ளைகள் எல்லாருக்கும் உள்ள கவலை. அவள் போனிலேயே விவரம் கொடுத்து, 'உள்ளூர் இல்லம்' என்ற இணையதளக் கம்பெனியில் அப்பாவின் வீட்டைப் பதிவு செய்துவிட்டாள். உள்ளூர் வீட்டை உள்ளூர்க்காரர்களுக்கே விற்றுக் கொடுப்பது அந்தக் கம்பெனியின் கொள்கை. அதற்கான தலைமை அலுவலகம் பெங்களூரில் இருந்தது.

வீட்டை விற்க ஆசைப்பட்டு அவர் விற்கவில்லை. பாகப்பிரிவினையில் கீழ்வீடு தம்பிக்கும், மாடிவீடும் போர்வெல் தண்ணீரும் இவருக்கும் விழுந்தன. தம்பி கீழ்வீட்டை மிளகாய் வத்தல் குடோனுக்குக் கொடுத்துவிட்டு மதுரைக்குப் போய்விட்டார். மாடியில் இவரும் மனைவி தங்கம்மாளும். தங்கம்மாளுக்கு இரண்டு முட்டியும் தேய்ந்து போயின. படி ஏறி இறங்கவே கூடாது என்று டாக்டர் சொன்னார். சொல்லாவிட்டாலும் அவளால் முடியாது. ஒருமுறை ஆஸ்பத்திரிக்குப் போக, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து நாலு பேர் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். தெருவே கூடி நின்று பார்த்தது. திரும்பி வந்ததும் தங்கம்மாள், "நாலு பேரு தூக்கிட்டுப் போறது மனுசருக்கு ஒரு தடவைதான் நடக்கணும். எனக்கு ஒத்திகை வேண்டாம்" என்று சொல்லிவிட்டாள். அதன் பிறகு அவள் தெருவில் கால் வைக்கவில்லை. கோயில் கொடைத் திருவிழா வந்தது, பக்கத்து வீட்டுக் கல்யாணம் வந்தது, எல்லாவற்றையும் மேலே இருந்தே பார்த்துக்கொண்டாள்.

பந்தல்குடி ரோட்டில் கருத்தப்பாண்டி என்பவருக்கு ஒரு கீழ்வீடு இருந்தது. வாசலுக்கும் தெருவுக்கும் ஒரே மட்டம். "ஒங்க மாடியை வித்துட்டு வாங்க அண்ணாச்சி, தை பிறக்கிற வரைக்கும் யாருக்கும் கொடுக்காம வச்சிருக்கேன்" என்று அவர் வாக்குக் கொடுத்திருந்தார். தைக்குள் மாடிவீடு விற்றால் தங்கம்மாள் தெருவைப் பார்ப்பாள். விற்காவிட்டால் இல்லை. விஷயம் இவ்வளவுதான்.

'உள்ளூர் இல்லம்' கிளை அலுவலகம் அருப்புக்கோட்டையில் ஒரு செல்போன் கடைக்கு மேலே இருந்தது. அங்கே சத்யபிரியா என்ற பெண் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து கேள்வி கேட்டாள்.

"அண்ணாச்சி, வீட்டுல ஸ்விம்மிங் பூல் இருக்கா?"

"பாளையம்பட்டியிலயா?"

"இருக்குன்னு சொல்லுங்க, இல்ல இல்லன்னு சொல்லுங்க. ரெண்டுல ஒண்ணு சொன்னாத்தான் அடுத்த கேள்வி வரும்."

"தாயி, அதெல்லாம் விடு. நம்ம வீட்டுல நல்ல தண்ணி. தெருப் பூராம் போர் போட்டா உப்புத்தான், நம்ம வீட்டுல மட்டும் இளநீ கணக்கா இருக்கும். அதை மொதல்ல போடு. நம்ம பக்கத்து ஆளுக அதைத்தான் கேப்பாக."

அவர் சொன்னதில் தப்பில்லை. பெண் கொடுக்கப் போனாலும் மாப்பிள்ளையின் படிப்பைக் கேட்பதற்கு முன்னால் தண்ணீரைக் கேட்கிற பூமி அது. சத்யபிரியாவும் திருச்சுழிப் பக்கத்துப் பெண்தான், குடம் சுமந்து வளர்ந்தவள். அவள் கட்டங்களை மேலும் கீழும் தேடிப் பார்த்தாள். உடற்பயிற்சிக் கூடத்துக்குக் கட்டம் இருந்தது. கோல்ஃப் மைதானத்துக்கு இருந்தது. குதிரை லாயத்துக்கும் இருந்தது. நல்ல தண்ணீருக்கு இல்லை.

"தண்ணின்னு வாரது இது ஒண்ணுதான் அண்ணாச்சி" என்று சொல்லி, நீச்சல் குளத்துக்கு நேராக 'ஆம்' என்று போட்டாள். நல்லெண்ணத்தில்தான் போட்டாள். கெடுதல்களில் முக்கால்வாசி அப்படித்தான் வருகிறது.

அப்போது கிளை மேலாளர் நாகராஜ் வெளியே வந்தார். கழுத்தில் டை, அதற்கு மேல் அடையாள அட்டை. 'வட்டார வாங்குநர் அனுபவ மேலாளர்' என்று அதில் எழுதியிருந்தது. அவர் விதிமுறைகளை விளக்கினார்.

"வீடு விக்கிறதா இனிமே யார்கிட்டயும் வாயால சொல்லக் கூடாது அண்ணாச்சி. டீக்கடை, சலூன், கல்யாண வீடு எங்கயும் கூடாது. எல்லாம் எங்க மூலமாத்தான் போகணும்."

"வாங்குறவுக எடம் எதுன்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?"

"விலாசத்தை நாங்க காட்ட மாட்டோம். காட்டுனா நேரா வீட்டுக்கு வந்திருவாங்கல்ல?"

"வந்தாத்தானே வாங்குவாக?"

நாகராஜ் சிரித்தார். விவரமில்லாதவர்களிடம் படித்தவர்கள் சிரிக்கிற பொறுமையான சிரிப்பு அது. "அது பழைய முறை அண்ணாச்சி" என்றார்.

"ஒருநாள் நீங்க வந்து வீட்டைப் பாத்திட்டுப் போகலாமே?"

"ஊழியர்கள் யாரும் வீட்டை நேர்ல பாக்கக் கூடாது. பாத்தா உண்மை தெரிஞ்சு, வேலையில ஒரு தயக்கம் வந்திருதுன்னு தலைமை அலுவலகத்துல கண்டுபிடிச்சிருக்காங்க."

மதுரையிலிருந்து ஒரு போட்டோக்காரர் மட்டும் வந்து போனார். ஒரு வாரம் கழித்துப் படங்களைக் காட்டினார்கள். சண்முகவேல் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். பச்சைப் புல்தரை, வாசலில் வாழைப்பூ நிறத்தில் ஏதோ வெளிநாட்டுச் செடி, நடுவே நீலமாக ஒரு குளம். குளத்துக்குப் பின்னால் ஒரு கீழ்வீடு.

"இது யார் வீடும்மா?"

"ஒங்க வீடுதான் அண்ணாச்சி."

"படி எங்க?"

"எடுத்துட்டாங்க. படியைப் பாத்தா வாங்குறவங்க யோசிக்கிறாங்களாம்."

"படியை எடுத்துட்டா மாடிக்கு எப்படி ஏறுறது?"

"மாடியையும் எடுத்துட்டாங்க. வீட்டைக் கீழ எறக்கி வச்சுட்டாங்க" என்றாள் சத்யபிரியா.

சண்டை போட வேண்டிய இடம் அது. ஆனால் அவருக்குக் கோபம் வரவில்லை, ஏக்கம்தான் வந்தது. வாசலும் தெருவும் ஒரே மட்டத்தில் இருக்கிற தன் வீட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். பெங்களூரில் இருக்கிற யாரோ ஒரு பையன் மத்தியானச் சோற்றுக்கு முன்னால் செய்து முடித்த வேலை. அதை நிஜத்தில் செய்யத்தான் அவர் நாயாக அலைந்துகொண்டிருந்தார். தங்கம்மாளிடம் அந்தப் படத்தைக் காட்டவில்லை. இருக்கிற வலி போதாதா என்று நினைத்துக்கொண்டார்.

வீடு இணையத்தில் ஏறியது. ஏறியதுதான் தெரியும், ஒருவரும் வரவில்லை. "பார்க்கிறாங்க அண்ணாச்சி, ஆயிரக்கணக்குல பார்க்கிறாங்க" என்று நாகராஜ் போனில் சொல்வார். பார்க்கிறவர்கள் துபாயிலும் டெல்லியிலும் இருந்தார்கள். ஒருவர் குளத்தில் முதலை விடலாமா என்று கேட்டிருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கம்பெனியின் 'சிறப்பு தரிசனத் திட்டத்தில்' பணம் கட்டி, மதுரையிலிருந்து ஒரு குடும்பம் காரில் வந்து இறங்கியது. பிள்ளைகளின் இடுப்பில் காற்றடித்த வளையங்கள் இருந்தன. குடோனில் அன்றைக்கு வத்தல் மூட்டை மாற்றிக்கொண்டிருந்தார்கள். இறங்கிய வேகத்தில் குடும்பம் மொத்தமும் தும்ம ஆரம்பித்தது.

"பூல் எங்க சார் இருக்கு?" என்று வந்த குடும்பத் தலைவர் தும்மலுக்கு நடுவே கேட்டார்.

சண்முகவேல் அவர்களைப் படி ஏற்றி அழைத்துப் போய், மோட்டாரைப் போட்டு, சொம்பில் தண்ணீர் பிடித்துக் கொடுத்தார். தங்கம்மாள் கட்டிலில் இருந்தபடியே, "குடிங்க, நல்ல தண்ணி" என்று உபசரித்தாள். அவர்கள் குடித்தார்கள். தண்ணீர் நன்றாக இருக்கிறது என்பதை ஒத்துக்கொண்டார்கள். சின்னப் பிள்ளை மட்டும் வளையத்தைக் கழற்ற மாட்டேன் என்று அழுதது.

"எதுக்குங்க அந்தப் பிள்ளை ரப்பர் டியூபோட வந்துச்சு?" என்று பிறகு தங்கம்மாள் கேட்டாள்.

"மதுரையில அதுதான் இப்ப ஃபேஷன்" என்று சொல்லிவிட்டு அவர் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு வெளியே போனார்.

இதற்கு நடுவில் வர வேண்டிய ஆள் ஒருவர் வரத்தான் செய்தார். பந்தல்குடியில் இரண்டு லாரி வைத்திருக்கிற உதயகுமார். அவர் வீட்டு உப்புத் தண்ணீரில் பருப்பு வேகாமல் அவர் மனைவி கோபித்துக்கொண்டு தாய்வீட்டுக்குப் போய்விட்டாள் என்று ஊரில் பேச்சு. அவர் பைக்கை நிறுத்திவிட்டு வாசலில் நின்றே கேட்டார்.

"அண்ணாச்சி, வீடு கொடுக்கப் போறதா காதுல விழுந்துச்சு. நல்ல தண்ணி வீடுன்னாக. நெசமா?"

சண்முகவேலுக்கு நாக்கு நுனி வரை வார்த்தை வந்துவிட்டது. விதிமுறை ஞாபகம் வந்தது. வாயால் சொன்னால் பதிவு ரத்து, மறுபடி ஒரு வருஷத்துக்கு விற்க முடியாது என்று நாகராஜ் சொல்லியிருந்தார்.

"அதைப் பத்தி நான் பேசக் கூடாதுய்யா. இணையத்துல பாருங்க" என்றார்.

உதயகுமார் பைக் பக்கம் திரும்பினார். "கொடுக்க இஷ்டமில்லன்னா அதைச் சொல்லிட்டுப் போகலாம் அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டுப் பைக்கை எடுத்தார். இருந்தாலும் நல்ல மனுஷர், இணையத்திலும் தேடிப் பார்த்தார். 'பாளையம்பட்டி நல்ல தண்ணி வீடு' என்று அவர் அடித்ததற்குக் கொடைக்கானலில் ஒரு பங்களா வந்தது. நீச்சல் குளத்து வீடும் வந்தது, ஆனால் அது தனக்கில்லை என்று தள்ளிவிட்டார். அடுத்த மாதமே வேறு இடத்தில் கிரயம் முடித்துக்கொண்டார். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பார்கள். இங்கே வாய் திறந்திருந்தால் கைக்கு வந்திருக்கும்.

கார்த்திகையில் கம்பெனி 'உள்ளூர் வாங்குநர் திருவிழா' என்று அருப்புக்கோட்டையில் ஒரு மண்டபம் பிடித்து விழா எடுத்தது. வட்டாரத்தில் அதிகம் பார்க்கப்பட்ட வீட்டுக்கு விருது. விருது சண்முகவேலுக்கு. பொன்னாடை போர்த்தி, கண்ணாடிக் கேடயம் கொடுத்து, நாற்காலியில் உட்காரவைத்தார்கள். பெங்களூரிலிருந்து வந்த மண்டல இயக்குநர் பேசினார்.

"நண்பர்களே! பெருமையோடு சொல்கிறேன். கடந்த ஓராண்டில் இந்த வட்டாரத்தில் நம் தளத்திலிருந்து ஒரு வீடுகூட விற்றுக் கையை விட்டுப் போகவில்லை!" கைதட்டல். "விற்றுப்போன வீடு நமக்கு ஒரு நாள் உறவு. விற்காத வீடு ஆயுள் உறவு. ஐயா சண்முகவேல் அவர்கள் நம்மோடு ஆயுள் முழுக்க இருக்க வேண்டுமென்று வாழ்த்துகிறேன்."

ஏற்புரை சொல்லச் சொன்னார்கள். சண்முகவேல் மைக்கைப் பிடித்துக்கொண்டு, "இம்புட்டுப் பேரு பாத்திருக்காக. சந்தோசம். ஒருத்தராவது வந்து வெல கேட்டா இன்னும் சந்தோசப்படுவேன்" என்றார். அடக்கமான பேச்சு என்று இயக்குநர் பாராட்டினார்.

மார்கழி பாதி போன பிறகு, ஒரு காலையில் நாகராஜிடமிருந்து போன். குரலில் அப்படி ஒரு துள்ளல்.

"அண்ணாச்சி, ஆள் சிக்கிருச்சு! சுத்தமான உள்ளூர் பார்ட்டி. ஒரு அம்மா. தினம் பேசுறாங்களாம், வீட்டைப் பாத்து அப்படி ஆசைப்பட்டுட்டாங்க. அவங்களால வெளிய வர முடியாதாம், நாமளே போறோம். சாயங்காலம் ஆபீசுக்கு வந்திருங்க, கார்ல போவோம்."

"எந்த ஊரு? பேரு என்ன?"

"அது ரகசியம். நேர்ல போற வரைக்கும் எங்களுக்கே நம்பர்தான் தெரியும்."

சண்முகவேல் உடனே கண்ணாடி முன்னால் போய் நின்றார். சவரம் செய்துகொண்டு வெள்ளை வேட்டி கட்டினார். "ஒரு சோலியாப் போறேன், வாரதுக்கு ராத்திரி ஆகும்" என்று தங்கம்மாளிடம் சொன்னார். எத்தனையோ தடவை ஏமாந்தாகிவிட்டது, முடிந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று விஷயத்தைச் சொல்லவில்லை. அவளும் ஏனோ அன்றைக்கு, "மெதுவாவே வாங்க, அவசரமில்ல" என்று அனுப்பிவைத்தாள்.

காரில் முன்னால் நாகராஜ், பின்னால் சண்முகவேலும் கேமராவோடு சத்யபிரியாவும். கிளம்பும்போதே கருத்தப்பாண்டியிடமிருந்து போன் வந்தது.

"அண்ணாச்சி, கோவிச்சுக்கிடாதீக. தை வரைக்கும்னு சொன்னேன்தான், ஆனா நாளைக்கே ஒரு பார்ட்டி ரொக்கத்தோட வாரான். ஒங்க முடிவு என்னன்னு இன்னைக்குத் தெரிஞ்சாகணும்."

"இன்னைக்கு முடிஞ்சிரும் பாண்டி. ராத்திரிக்குள்ள சொல்றேன்" என்றார் சண்முகவேல்.

வைத்ததும் சத்யபிரியா மெதுவாகச் சொன்னாள்: "அந்த அம்மாகிட்ட போன்ல நான்தான் பேசுவேன் அண்ணாச்சி. பாவம். எப்பப் பேசினாலும் ரெண்டே கேள்விதான். தண்ணி நல்ல தண்ணியா, வாசல்ல படி இருக்கா. படி இல்லன்னு சொன்னா மறுநாள் திரும்பக் கூப்பிட்டு, நெசமாவே இல்லையான்னு கேப்பாங்க. முட்டி வலியாம்."

 இத்தனை நாளும் சண்முகவேல் கேட்காமல் விட்டிருந்த கேள்வி இப்போது வந்து எதிரே உட்கார்ந்துகொண்டது. யாரோ ஒரு பெண்பிள்ளை, தங்கம்மாளைப் போல முட்டி தேய்ந்தவள், படத்தை நம்பி இந்த மாடியை வாங்கப் போகிறாள். வாங்கினால் தங்கம்மாள் இறங்கிவிடுவாள். அந்தப் பெண் ஏறி, அங்கேயே மாட்டிக்கொள்வாள்.

"மேனேஜர் தம்பி, அந்தம்மாகிட்ட படி இருக்கிறதைச் சொல்லிடணும்."

"விற்பனையாளர் அதைச் சொல்லக் கூடாது அண்ணாச்சி. சொன்னா பதிவு ரத்து. அவங்க கிரயம் முடிச்சபொறவு அவங்களாவே தெரிஞ்சுக்குவாங்க."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கருவேலங்காடு ஓடிக்கொண்டிருந்தது. சொன்னால் கருத்தப்பாண்டியின் வீடு போய்விடும். சொல்லாவிட்டால் காலத்துக்கும் அந்தப் பெண்ணின் முகம் விடாது. கண்ணை மூடி உட்கார்ந்து யோசித்தார். கடைசியில், படி இருக்கிறது, ஏமாறாதே அம்மா என்று சொல்லிவிடுவது என்று தீர்மானித்தபோது அவருக்கு அழுகை வந்தது. தங்கம்மாளுக்குத் துரோகம் செய்கிற மாதிரிதான் இருந்தது.

கார் நின்றது. கண்ணைத் திறந்தால் வத்தல் குடோன்.

"என்னைய ஏன் இங்க இறக்குறீக? அந்தம்மாவைப் பாக்கப் போகணுமே" என்றார்.

நாகராஜ் போனில் வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுதான் அண்ணாச்சி அவங்க வீடு. மாடியாம்" என்று சொல்லிவிட்டுப் படியைப் பார்த்து அலுத்துக்கொண்டே ஏற ஆரம்பித்தார். இவரும் பின்னால் ஏறினார்.

மேலே தங்கம்மாள் பட்டுச்சேலை கட்டி, தலையில் பூ வைத்து, கட்டிலை விட்டு நாற்காலிக்கு வந்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஒரு தட்டில் மிக்சரும் வாழைப்பழமும் இருந்தன. கையில் சுவாதி கொடுத்துவிட்டுப் போன பழைய போன். புருஷனைக் கண்டதும் திடுக்கிட்டு, பிறகு முகமெல்லாம் சிரிப்பானாள்.

"நீங்களும் கூடவே வந்துட்டீகளா? முடிச்சுட்டுச் சொல்லுவோம்னு இருந்தேன். நீங்களும் எத்தனை நாளுதான் அலைவீக. இங்க பாருங்க, நம்ம அருப்புக்கோட்டைப் பக்கந்தானாம். நல்ல தண்ணி. முக்கியமா, படி இல்லீங்க! இந்தக் கொளத்தைப் பொறவு மூடிக்கிடலாம்" என்று போனை நீட்டினாள்.

சண்முகவேல் போனை வாங்கினார். பார்க்க வேண்டிய அவசியமில்லை. அந்தப் படத்தை அவர் எத்தனையோ தடவை பார்த்தாகிவிட்டது.

"தங்கம், இது நம்ம வீடுதான்" என்றார்.

"நாம வாங்கினா நம்ம வீடுதானே?"

"அது இல்ல. இப்ப நீ உக்காந்திருக்கியே, இந்த வீடு. நான் விக்கிறதுக்குக் கொடுத்த போட்டோ. படியை அழிச்சிட்டாக."

தங்கம்மாள் போனைத் திரும்ப வாங்கி வைத்துப் பார்த்தாள்.  ஜன்னலைத் தேடினாள், அடையாளம் கண்டுபிடித்தாள். "ஆமா" என்று மட்டும் சொன்னாள். சத்யபிரியா தலையைக் குனிந்துகொண்டாள்.

நாகராஜுக்குத்தான் உற்சாகம் குறையவில்லை. யாரிடமோ போனில் பேசிவிட்டு வந்தார். "தலைமை அலுவலகத்துல கேட்டுட்டேன். சொந்த வீட்டைச் சொந்தக்காரவங்களே வாங்கக் கூடாதுன்னு விதியில எங்கயும் இல்லையாம். ரெண்டு பக்கக் கமிஷனையும் ஒங்ககிட்டயே வாங்கிக்கலாமாம். நம்ம கிளையில இதுதான் முதல் விற்பனை. எல்லாருக்கும் சந்தோஷம். ஒண்ணே ஒண்ணுதான் பாக்கி. வாங்குறவங்க வெளிய இருந்து நேர்ல வந்து வீட்டைப் பாத்தாகணும். அம்மா ஒரு தடவை கீழ இறங்கி, தெருவுல நின்னு ஒரு போட்டோ எடுத்துக்கிட்டாப் போதும்."

"அவளால இறங்க முடியாதுன்னுதான்யா வீட்டையே விக்கிறேன்!" என்றார் சண்முகவேல். அவர் குரல் உயர்ந்து அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை. அவர் சட்டைப் பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தார். கருத்தப்பாண்டி. அடித்து ஓயட்டும் என்று கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

தங்கம்மாள் அதைக் கவனிக்கவில்லை. அவள் வெளியே படியின் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நாற்காலியின் கையைப் பிடித்து மெல்ல எழுந்து நின்று, நாகராஜிடம் கேட்டாள்.

"தெருவுல நின்னாப் போதுமாய்யா? ஒரு தடவை பல்லைக் கடிச்சுக்கிட்டு எறங்கிட்டேன்னா, மறுபடி ஏற வேண்டாம்ல?"

"ஏறணுமேம்மா" என்றார் நாகராஜ். "வாங்கின வீடு மேலதான இருக்கு?"